உயிர்காப்போரும் காப்பீடும்



புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், காலாப்பட்டைக் கடந்து மரக்காணத்தை அடையுமுன் கூனிமேடு என்னும் ஊரைக் காண்பர். கிழக்கே வங்கக் கடல். கரையோரம் மீனவர் குப்பங்கள். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும். கோடையில் அவ்வுப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். இவ்வூரில்தான் நான் என் முதுமைக் காலத்தைக் கழித்து வருகிறேன். முன்னாளில் வழக்கறிஞர் தொழில் புரிந்தவன் ஆதலால், சட்டம் பற்றிய ஐயம் எழும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் என் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு.

சில மாதங்களுக்கு முன், ஒரு மாலைப்பொழுதில், ஓர் இளம்பெண் வந்தாள். உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைக்கும் ஒருவருடைய மகள். ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரிகிறாள். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே வேண்டா. அவள் கையில் ஒரு தாள் இருந்தது. முகத்தில் களைப்பு இருந்தது.

"தாத்தா, நான் இன்ஷ்யூரன்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், தூக்கமாவது வரும்" என்றாள்.

நடந்தது இதுதான். ஒருநாள் நள்ளிரவில், மார்வலியால் துடித்த ஒருவரை அழைத்துவரக் குப்பம் ஒன்றிற்கு அவள் சென்றிருக்கிறாள். வண்டி செல்ல இயலாத மணற்பாதை. தூக்குப் படுக்கையில் அவரைச் சுமந்து வந்து வண்டியில் ஏற்றி, பிராணவாயு கொடுத்து, மருத்துவருடன் தொலைபேசியில் பேசியவாறே புறப்பட்டிருக்கிறாள். மருத்துவமனை வாயிலை அடையுமுன் அம்மனிதர் உயிர் நீத்தார். அவருடைய தம்பி துயரம் தாங்காமல், "நீ ஓர் ஊசி போட்டிருந்தால் என் அண்ணன் பிழைத்திருப்பான். உன்னைக் கோர்ட்டில் நிறுத்தாமல் விடமாட்டேன்" என்று கூவியிருக்கிறார். வழக்கு ஒன்றும் வரவில்லை. ஆயினும் அச்சொல் அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. உடன் பணிபுரியும் ஒருவர் காப்பீட்டு முகவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் கொடுத்த தாளைத்தான் அவள் கையில் வைத்திருந்தாள்.

"இரண்டு நாள் பொறு அம்மா" என்றேன். அந்த இரண்டு நாட்களில் நான் எண்ணிப் பார்த்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவள் கேட்டது ஒரே வினா. ஆனால் அதனுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. குற்றம் என்பது எது? நஷ்டஈடு செலுத்தும் கடமை யாருடையது? வழக்கு வந்தால் துணை நிற்பவர் யார்? இம்மூன்றையும் பிரித்துப் பார்த்தாலன்றி விடை கிட்டாது.

முதலில், குற்றம் எது என்பது.

நோயாளி இறந்தான் என்பதனாலேயே மருத்துவம் செய்தவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். 1957ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. மின்னதிர்வுச் சிகிச்சையின்போது எலும்பு முறிந்த நோயாளி ஒருவர் தொடுத்த வழக்கு அது. அத்துறையில் தேர்ச்சி பெற்ற பொறுப்புள்ளவர்கள் தக்கதென ஏற்றுக்கொண்ட முறைப்படி ஒருவர் நடந்துகொண்டாரானால், அவரைக் கவனக்குறைவு உடையவர் எனக் கூறலாகாது என்று நீதிபதி விளக்கினார். நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மாத்யூ வழக்கில் இவ்வளவுகோலை ஏற்றுக்கொண்டது. அவ்வழக்கு நம் பொருளுக்கு மிகவும் அணுக்கமானது. லூதியானாவில் மூச்சுத்திணறலால் துன்புற்ற முதியவர் ஒருவருக்குப் பொருத்த வந்த பிராணவாயு உருளை வெறுமையாக இருந்ததாம். அதன் பொருட்டு மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடர்ந்தனர். மருத்துவத் தொழிலில் ஈடுபட்டவரைக் குற்றவியல் சட்டத்தின்கீழ்த் தண்டிக்க வேண்டுமாயின், சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கொடிய கவனக்குறைவு இருத்தல் வேண்டும் என்றது நீதிமன்றம். தகுதியுள்ள வேறொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்தைப் பெறாமல் போலீசார் மேற்செல்லலாகாது என்றும், வழக்கு வந்ததென்ற ஒரே காரணத்துக்காக மருத்துவரைக் கைது செய்தலாகாது என்றும் நெறி வகுத்தது. உருளை வெறுமையாக இருந்ததற்கு நஷ்டஈட்டு வழக்கில் மருத்துவமனை விடை கூற வேண்டியிருக்கலாம்; மருத்துவர் குற்றவாளி ஆகார் என்பதே முடிவின் சாரம்.

ஆகவே, அந்தப் பெண் தன் பயிற்சியில் கற்றபடி செய்திருப்பாளானால், அவள் செய்த பணியில் குற்றமில்லை. ஊசி போட அவளுக்கு உரிமை இல்லாதபோது போடாமல் இருந்ததும் குற்றமன்று. போட்டிருந்தால்தான் ஒருவேளை குற்றமாகியிருக்கும்.

ஆயினும் இங்கே ஒரு செய்தியைக் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, கவனக்குறைவால் மரணம் விளைவிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் அஃது இரண்டாண்டு வரையே. புதிய சட்டத்தில், மருத்துவச் செயல்முறையின்போது அத்தவறு நேர்ந்தால், பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டாண்டு என்னும் எல்லை காக்கப்பட்டுள்ளது. பதிவு பெற்ற மருத்துவர் என்பவர் யார் என்பதற்கு, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று சட்டமே விளக்கம் தந்துவிட்டது. ஆம்புலன்ஸில் செல்லும் உதவியாளர் பெயர் அப்பதிவேட்டில் இல்லை. ஆக, மருத்துவமனைக்குள் ஒளியும் கருவியும் துணைவர்களும் சூழ நின்று பணி செய்பவருக்கு இரண்டாண்டு. ஓடும் வண்டியில் தனியே முழந்தாளிட்டுப் பணி செய்பவருக்கு ஐந்தாண்டு! இந்த வேறுபாட்டைச் சட்டம் இயற்றுவோர் மறுபடி எண்ணிப் பார்த்தல் நலம்.

வழியில் விபத்துற்றவரைத் தூக்கிச் செல்லும் பொதுமக்களுக்குச் சட்டம் ஒரு கேடயம் அளித்துள்ளது. 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதற்கான நெறிகளுக்கு வலிமை தந்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அதனைச் சட்டமாகவே ஆக்கியது. எனினும் அக்கேடயம், கைம்மாறு கருதாமல் தானே முன்வந்து உதவுவோர்க்கு உரியது. சாலையில் வீழ்ந்தவனைத் தன் வண்டியில் ஏற்றிச் செல்லும் மீன் வியாபாரிக்கு அது பொருந்தும். ஊதியம் பெற்று அதே பணியைச் செய்யும் இந்தப் பெண்ணுக்குப் பொருந்துமெனச் சொல்வதற்கில்லை.

இனி, இரண்டாம் வினா. நஷ்டஈடு செலுத்தும் கடமை யாருடையது?

பணியாளன் பணியின்போது இழைக்கும் தவறுக்குத் தலைவன் பொறுப்பாவான் என்பது பழைய நீதி. அரசாங்கமும் இதற்கு விலக்கன்று. 1952ஆம் ஆண்டு உதயப்பூரில் கலெக்டருக்குரிய ஜீப் வண்டி ஒன்று, பழுதுபார்க்கப்பட்டுத் திரும்புகையில் வழிநடந்து சென்ற ஒருவரை மோதிற்று, அவர் இறந்தார். 1962ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஓட்டுநரின் தவறுக்கு இராஜஸ்தான் அரசே நஷ்டஈடு தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 1996ஆம் ஆண்டு, இரயிலிலிருந்து வீழ்ந்த உழவுத் தொழிலாளி ஒருவரைக் கல்கத்தா நகரின் அரசு மருத்துவமனைகள் இடமில்லையென ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கிலும், நஷ்டஈடு தரும்படி மேற்கு வங்க அரசுக்கே கட்டளை பிறந்தது. உயிர்காக்கும் உதவி அளிப்பது அரசின் கடமை என அத்தீர்ப்பு உரைத்தது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் பணி 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஐதராபாத்தில் 2005ஆம் ஆண்டு தோன்றிய முறை அது. அரசின் பொருளால் நடப்பது. எனினும் அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி வேறொரு நிறுவனம் அதனை நடத்துகிறது. இவ்வமைப்பில் உதவியாளருக்கும் ஓட்டுநருக்கும் தலைவர் உண்டு. மக்களிடம் கட்டணம் பெறாத பணி அது. எவரிடமும் கட்டணம் வாங்காமல் செய்யும் மருத்துவப் பணி நுகர்வோர் சட்டத்தின்கீழ் வாராது என 1995ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் சிவில் நீதிமன்றக் கதவு எவருக்கும் திறந்தே இருக்கிறது. கட்டணம் வாங்கும் தனியார் வண்டியாயின், நுகர்வோர் மன்றத்தின் கதவும் திறந்திருக்கும்.

வண்டியைப் பொறுத்தவரை அச்சம் குறைவு. சாலையில் பிறர்க்கு விளையும் தீங்குக்கு ஈடாகக் காப்பீடு இருந்தே தீரவேண்டுமென மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. ஆகவே ஓட்டுநரின் பிழைக்கு ஒரு காப்பு முன்னமே உண்டு. வண்டியின் உள்ளே கை செய்யும் மருத்துவப் பணியின் பிழைக்கு அத்தகைய கட்டாயக் காப்பு ஒன்றுமில்லை. ஒரே வண்டியில் இருவர் செல்கின்றனர். ஒருவருக்குக் குடை உண்டு, மற்றவருக்கு இல்லை.

"தலைவர்தாம் பொறுப்பு என்றால் எனக்கென்ன கவலை?" என்று கேட்கலாம். தலைவர் பொறுப்பாவதால் பணியாளர் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. வழக்குத் தொடுப்பவர் இருவர் பெயரையும் சேர்த்தே எழுதலாம். இன்னும் ஒன்று. 1957ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் முன் ஒரு விந்தையான வழக்கு வந்தது. லாரி ஓட்டிய மகன், வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துகையில், அதே நிறுவனத்தில் வேலை பார்த்த தன் தந்தையையே மோதிவிட்டான். நிறுவனத்தின் காப்பீட்டாளர் தந்தைக்கு நஷ்டஈடு செலுத்தினர், செலுத்திய பின், நிறுவனத்தின் பெயரால் அத்தொகையை மகனிடமே கேட்டு வழக்காடினர், வென்றும் விட்டனர்! பின்னர் அந்நாட்டுக் காப்பீட்டாளர்கள் இத்தகைய வழக்கைத் தொடுப்பதில்லையெனத் தமக்குள் உடன்பட்டனர் என்பது வேறு கதை. தலைவரின் காப்பீடு தலைவருக்காக எடுக்கப்பட்டது. அதில் பணியாளரின் பெயரும் சேர்ந்துள்ளதா என்பதைப் பார்த்தாலன்றி நிம்மதி கொள்ளலாகாது என்பதே இதனால் நாம் அறியத்தக்கது.

மூன்றாம் வினா, துணை நிற்பவர் யார் என்பது. என் அனுபவத்தில், ஏழை எளியவரை வழக்கு வாட்டுவது தீர்ப்பினால் அன்று. தீர்ப்பு வரும்வரை நடக்கும் நடையினாலேயே. வழக்கறிஞர் கட்டணம், பயணச் செலவு, விடுப்பெடுத்த நாளின் ஊதியம் ஆகிய இவையே அவர்களை அழிப்பன. கூனிமேட்டு மக்களுக்கு இதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. நோயாளியை ஏற்றும் இடம் தமிழ்நாடு. அவரைச் சேர்க்கும் பெரிய மருத்துவமனை பெரும்பாலும் புதுச்சேரியில். செயல் ஓரிடத்தும் விளைவு மற்றோரிடத்தும் நேர்ந்தால், வழக்கு இரண்டில் எங்கும் எழக்கூடும்.

மேலும், நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்காகவே பேசுவார். "உருளையில் காற்று இல்லை, அது நிறுவனத்தின் பிழை" என்று உதவியாளரும், "பணியேற்கும்போது உருளையைச் சோதிக்காதது உதவியாளரின் பிழை" என்று நிறுவனமும் கூற நேரிடின், ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் வாதாட இயலுமா? அந்த வேளையில்தான் தனக்கென ஒருவர் வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் காப்பீடு வாங்குவதே அறிவு" என்று நீங்கள் முடிவு கட்டலாம். சற்றுப் பொறுங்கள். மறுபுறத்தையும் நோக்குவோம்.

முதலாவது, காப்பீடு சிறைத்தண்டனையைச் சுமக்காது. நீதிமன்றம் விதிக்கும் அபராதத்தையும் செலுத்தாது. மது அருந்திப் பணி செய்தவருக்கும், அறிந்தே தீங்கு செய்தவருக்கும் கைகொடுக்காது. இரண்டாவது, கையில் பொருளில்லாதவர்மீது வழக்குத் தொடுக்கப் பலரும் தயங்குவர். காப்பீடு உண்டு எனத் தெரிந்தால் அத்தயக்கம் நீங்கும் என்று சிலர் கூறுவர். இதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. மூன்றாவது, எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. நிறுவனம் சுமக்க வேண்டிய சுமையைச் சிறு ஊதியம் பெறுபவர் தம் மடியிலிருந்து எடுத்துக் கட்டத் தொடங்கினால், நாளடைவில் அதுவே முறையாகிவிடும். உப்பு வாருவோருக்கு வேண்டிய காலுறையையும் கண்ணாடியையும் உப்பளத்து உரிமையாளர் கொடுக்காமல், "நீயே வாங்கிக்கொள்" என்று சொல்வதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

நிற்க. இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் மீண்டும் வந்தாள். அவள் விட்டுச் சென்ற தாளை அதற்குள் வரி வரியாகப் படித்து வைத்திருந்தேன். சிறிய எழுத்தில் அச்சிட்ட விளக்கப் பகுதியில், காப்புப் பெறுபவர் என்றால் மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ள மருத்துவர் என்று எழுதியிருந்தது! அவள் ஆண்டுதோறும் தவறாமல் பணம் கட்டியிருப்பாள். வழக்கு வந்த நாளில், "நீ மருத்துவர் அல்லவே" என்று கையை விரித்திருப்பார்கள். முகவர் அவளை ஏமாற்ற எண்ணினார் என நான் கூறவில்லை. அவரும் அவ்வரியைப் படித்திருக்கமாட்டார்.

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "அப்படியென்றால் எங்களுக்கென்று ஒன்றுமே இல்லையா, தாத்தா?" என்றாள்.

உண்டு என்றேன். நான் அவளுக்குக் கூறியதை இத்தொழிலில் உள்ள அனைவர்க்கும் கூறுகிறேன்.

முதற்கண், உங்கள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஐந்து வினாக்கள் போதும். மருத்துவப் பணியின் பிழைக்கு நிறுவனம் காப்பீடு எடுத்துள்ளதா? அதில் பணியாளரும் காப்புப் பெறுபவராகச் சேர்க்கப்பட்டுள்ளனரா? குற்ற வழக்கு வந்தால் வழக்கறிஞர் செலவை யார் ஏற்பது? செலுத்திய நஷ்டஈட்டைப் பணியாளரிடம் திரும்பக் கேட்பதில்லை என நிறுவனம் எழுதித் தருமா? பணியிலிருந்து விலகிய பின், பழைய நிகழ்ச்சி பற்றி வழக்கு எழுந்தால் காப்பு உண்டா? இவற்றுக்கு வாய்மொழி விடை வேண்டா, எழுத்தில் வேண்டும்.

இரண்டாவது, விடை நிறைவாக இருந்தால், தனிக் காப்பீடு இன்றியமையாததன்று. விடை குறைவாக இருந்தால், அல்லது விடையே வாராதிருந்தால், வாங்குக. ஒருவராக வாங்குவதினும் சங்கமாகச் சேர்ந்து கூட்டுப் பத்திரம் கேட்பது மேல். உதவியாளர் என்ற தொழிற்பெயர் அப்பத்திரத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு இயற்றிய துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டத்தில், அவசர மருத்துவ நுட்பத் தொழிலும் இடம் பெற்றுள்ளது. ஆகவே, "உங்கள் தொழிலுக்குப் பெயரே இல்லை" என்று இனி எவரும் சொல்ல இயலாது.

தனியார் வண்டிகளில் நாட்கூலிக்குச் செல்வோரும், திருவிழாக்களிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் கூலி பெற்று முதலுதவி செய்வோரும் காலந்தாழ்த்தாமல் காப்பீடு தேடிக்கொள்வதே நன்று. அவர்களுக்குப் பின்னால் நிற்கும் தலைவர் எவரும் இலர்.

மூன்றாவது, பத்திரத்தை வாங்குவோர் ஒன்றை மறவாதீர். இவ்வகைப் பத்திரங்களில் பெரும்பாலானவை, தவறு நிகழ்ந்த நாளை மட்டும் நோக்குவதில்லை. நஷ்டஈட்டுக் கோரிக்கை எழும் நாளில் பத்திரம் நடப்பில் இருக்கிறதா என்றும் பார்க்கும். இன்று நடந்ததற்கு அடுத்த ஆண்டு வழக்கு வரலாம். இடையில் ஓராண்டு பணம் கட்டத் தவறினால், முன்பு கட்டியதெல்லாம் உப்பளத்தில் பெய்த மழையாகிவிடும்.

நான்காவது, எல்லாக் காப்பீட்டினும் சிறந்த காப்பு உங்கள் குறிப்பேடு. அழைப்பு வந்த நேரம், அடைந்த நேரம், நாடித் துடிப்பு, மருத்துவர் தொலைபேசியில் கூறியது, பாதையின் நிலை ஆகிய அனைத்தையும் அன்றே எழுதி வையுங்கள். 2023 மே மாதத்தில் நம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் பல உயிர்களைக் குடித்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். ஒரே நேரத்தில் பலர் வீழ்ந்து கிடக்கையில், யாரை முதலில் ஏற்றுவது என்ற முடிவை ஒரு நொடியில் எடுத்தாக வேண்டும். அந்த நொடியின் நியாயத்தை ஈராண்டு கழித்து நீதிமன்றத்தில் எடுத்துரைக்க, நினைவு போதாது, எழுத்து வேண்டும்.

நிறுவனங்களை நடத்துவோருக்கும் அரசாங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. வழக்குக்கு அஞ்சும் கை, நோயாளியைத் தொடத் தயங்கும். அத்தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர் குப்பத்திலும் உப்பளத்திலும் வாழும் எளியவரே. ஓட்டுநரின் பிழைக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியவர்கள், உதவியாளரின் பிழைக்கும் அவ்வாறே செய்வது முறை. அதனை நிறுவனத்தின் செலவில் செய்வது அதனினும் முறை. பிழையால் தீங்குற்ற நோயாளிக்கும் அதுவே நன்மை. அவர் பெறும் தீர்ப்பு வெறுந்தாளாக நில்லாமல், கைக்கு வரும் பணமாக வேண்டுமல்லவா?

அந்தப் பெண் கடிதம் எழுதினாள். அவளுடன் பணிபுரிவோர் பதினொருவர் கையொப்பமிட்டனர். சில வாரங்களில் விடை வந்தது. ஐந்து வினாக்களில் இரண்டிற்கு மட்டும். மற்ற மூன்றிற்காக இரண்டாம் கடிதம் எழுதியுள்ளனர். கூட்டுப் பத்திரத்துக்கும் விசாரித்து வருகின்றனர். முந்தாநாள் இரவு, என் வீட்டைக் கடந்து தெற்கு நோக்கி ஒரு வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு விரைந்தது. மறுநாள் காலையில் அவளைக் கண்டபோது, வழியிலேயே ஒரு குழந்தை பிறந்ததெனவும், தாயும் சேயும் நலமெனவும் கூறினாள். பிறந்த நேரத்தைக் குறித்து வைத்தாயா என்று கேட்டேன்.

"மூன்று மணி பத்து நிமிடம், தாத்தா. எழுதிவிட்டேன்" என்றாள்.